நாற்றம் என்று ஒரு கட்டம்

மண் பரிசோதனைக் கம்பெனியில் எல்லோரும் அவரை மூக்கர் என்றார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளியே, "என்ன மூக்கரே, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டுவிட்டு அட்டையைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

வேலை இதுதான். எங்கேயாவது ஒரு பெட்ரோல் பங்க்கை மூடிவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது கட்ட நினைப்பார்கள். கட்டுவதற்கு முன்னால், இத்தனை வருடம் தரைக்கடியில் எவ்வளவு பெட்ரோல் ஒழுகியிருக்கிறது, அது நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். துளை போட்டு மண் எடுப்பார்கள், குழாய் இறக்கித் தண்ணீர் எடுப்பார்கள், சின்னக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மூக்கர் இருபத்திரண்டு வருடமாக பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஏழு வருடம் ஒரு பங்க்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருடம் சிந்தியதை இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறார் என்று அவர் மனைவி சொல்வாள். அவளுக்கு அவர் மேல் பெரிய மரியாதை என்று சொல்ல முடியாது, பிரியம்தான்.

பெயர் வந்த கதையை கம்பெனியில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய பங்க்கில் மூன்று நாள் துளை போட்டும் பெட்ரோல் ஆவியைக் காட்டும் மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. கிளம்பும் நேரத்தில் மூக்கர் சுவரோரம் சிறுநீர் கழிக்கப் போனார். போனவர் பாதியிலேயே திரும்பி வந்து, "அந்த மூலையில தோண்டுங்க" என்றார். தோண்டினார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு டேங்க், பாதிப் பெட்ரோலோடு படுத்திருந்தது. போன வேலை முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் மூக்கர்.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது. போகும்போது சும்மா போகாமல் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை முகர்ந்து பார்த்தார், ஒன்றுமில்லை. தன் காலுறையை முகர்ந்து பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முகத்தையே வைத்துப் பார்த்தார். வெறும் காற்று. டாக்டர், "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்று தெளிவாகச் சொன்னார்.

"டாக்டர், இது வெளில தெரிய வேணாம்" என்றார் மூக்கர்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார் டாக்டர்.

உள்ளபடி பார்த்தால் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனி விதிப்படி எதையும் வேண்டுமென்றே முகர்ந்து பார்க்கக் கூடாது, உடம்புக்குக் கெடுதல். ஆனால் களப்படிவத்தில் 'நாற்றம்' என்று ஒரு கட்டம் உண்டு. வேலை செய்யும்போது தானாக மூக்கில் ஏறினால் 'உண்டு' என்று எழுத வேண்டும், ஏறாவிட்டால் 'இல்லை'. மூக்கர் மீட்டரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். முள் எகிறினால் உண்டு, எகிறாவிட்டால் இல்லை. பதினொரு மாதம் இப்படி ஓடியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவருக்கு நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

பதினோராம் மாதம் அந்தப் பங்க் வந்தது. மூடி ஒன்பது வருடம். கூரை மட்டும் நான்கு தூணில் நின்றுகொண்டிருந்தது, விலைப் பலகையில் யாரோ காணாமல்போன பூனையின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அங்கே ஒரு மருத்துவமனை வரப்போகிறது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைக்கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரு கிணறு. பின்சுவர் ஓரமாகப் போட்ட போர்வெல்லில் பாறை தட்டித் தண்ணீர் வரவில்லை. அதனால் அந்தப் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்ல அந்தக் கிணறு ஒன்றுதான் சாட்சி.

அன்று காலை கிளம்பும்போதே ஒரு தப்பு நடந்தது. கிணற்றில் இறக்கும் சின்ன மோட்டாருக்கு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வேண்டும். அந்தப் பெட்ரோல் கேன் எப்போதும் போர்வெல்காரரின் லாரியில்தான் போகும். பாட்டில்கள் போகும் வேனில் ஏறவே கூடாது. பெட்ரோலைத் தேடிப் போகிறவன் பெட்ரோலைக் கூடவே கொண்டு போனால் எங்கே பார்த்தாலும் பெட்ரோல்தான் கிடைக்கும், இது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அன்று லாரியில் குழாய் ஏற்றி இடமில்லை. போர்வெல்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு வந்தார்.

"இதுல ஏத்தக் கூடாதுங்க" என்றார் மூக்கர்.

"மூடி இறுக்கமாத்தான் இருக்கு. லேசா கசிஞ்சாலும் உங்க மூக்குக்குத் தெரியாததா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தெரியாது என்று சொல்லலாம். மூக்கர் சொல்லவில்லை. "சரி, வைங்க" என்றார்.

வேனில் ஐஸ் பெட்டிக்குள் 'மாப்பிள்ளை'யும் இருந்தார். அது ஒரு பாட்டில். ஆய்வுக்கூடத்திலேயே சுத்தமான தண்ணீரை நிரப்பி மூடி அனுப்புவார்கள். அதைத் திறக்கக் கூடாது, எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மற்ற பாட்டில்களோடு போய்விட்டு, அவற்றோடு திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு வேலையும் செய்யாமல் வண்டியில் போய் வருவதாலும், எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாலும் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. திரும்பி வந்த மாப்பிள்ளையிடம் பெட்ரோல் இருந்தால் வழியில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று எடுத்த எதையும் அப்புறம் அப்படியே நம்ப முடியாது.

சலவைக்கடைக்காரம்மா கிணற்றடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று மூக்கர் வேலை செய்வதைப் பார்த்தாள். மோட்டார் ஓடியது, பாட்டில்கள் நிரம்பின.

"அண்ணே, உங்களத்தான் மூக்கருன்னு சொல்றாங்களா? லாரில வந்தவரு சொன்னாரு. மோந்தே கண்டுபிடிச்சிடுவீங்களாமே?"

"அதெல்லாம் சும்மா சொல்றதும்மா. லேப்லதான் பாக்கணும்."

"லேப் எப்பச் சொல்றது! ரெண்டு பொம்பளப் புள்ளைங்க குடிக்கிற தண்ணி. ஒரு தடவ மோந்து சொல்லுங்கண்ணே, மனசு ஆறும்."

அவள் வாளியை நீட்டினாள். மூக்கர் மீட்டரைத் தேடினார். அது லாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், விதி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பதினொரு மாதத்துக்குப் பிறகு ஒருத்தி அவர் மூக்கைக் கேட்டிருந்தாள். வாளிக்கு மேல் குனிந்தார், கண்ணை மூடினார், பெரிய மூச்சாக இழுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வித்தை மாதிரி இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லம்மா. தைரியமா இருங்க" என்றார். படிவத்திலும் 'இல்லை' என்று எழுதினார்.

திரும்பும் வழியில் ஒரு வளைவில் ஏதோ சாய்ந்தது. வேனை நிறுத்திப் பார்த்தபோது கேன் படுத்திருந்தது, ஐஸ் பெட்டியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. கேனை நிமிர்த்தினார், மூடியைத் திருகினார். ஐஸ் உருகி ஒழுகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்த துணியால் துடைத்து, துணியைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

பத்து நாளில் ஆய்வுக்கூடத்து முடிவு வந்தது. பழைய டேங்குக்குப் பக்கத்துத் துளைகளில் ஏராளமாகப் பெட்ரோல், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கிணற்றிலும் பெட்ரோல். மாப்பிள்ளையிலும் பெட்ரோல்.

கம்பெனியின் பொறியாளர் ஒரு பெண். மூக்கரை விட இருபது வயது சின்னவர், கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும். போர்வெல்காரரையும் மூக்கரையும் மேஜைக்கு எதிரே உட்காரவைத்தார்.

"வேன்ல பெட்ரோல் எதுவும் வந்துச்சா?"

"கேன் வந்துச்சு மேடம்" என்றார் போர்வெல்காரர். உண்மையைச் சொல்கிற மனிதர். "லாரில இடமில்ல. ஆனா ஒழுகல. ஒழுகியிருந்தா அண்ணன் வேனுக்குள்ள உக்காந்திருந்திருக்க முடியுமா? அவர் மூக்கு என்ன மூக்கு!"

பொறியாளர் மூக்கரைப் பார்த்தார். "வண்டில வாசனை வந்துச்சா அண்ணா?"

"எனக்கு வரல" என்றார் மூக்கர். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"கிணத்துத் தண்ணில?"

"வரல."

பொறியாளர் பேனாவை எடுத்தார். "அப்படின்னா தப்பு லேப்லதான் நடந்திருக்கு. மாப்பிள்ளைல ஏறினது எப்படியோ, அப்படித்தான் கிணத்து பாட்டில்லயும் ஏறியிருக்கும். வேன் சுத்தம், கிணத்துல வாசனை இல்லன்னு எழுதிடறேன். கிணறு நல்லாருக்குன்னு முடிச்சிடலாம். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுங்க, அதுக்கு மேல அவங்க கட்டடம் காத்திருக்காது."

மூக்கர் எழுந்து வந்தார். வேன் சுத்தம் என்பதற்கு ஒரே ஆதாரம் அவர் மூக்கு. கிணறு சுத்தம் என்பதற்கும் ஒரே ஆதாரம் அதே மூக்கு. இல்லாத ஒரு பொருளுக்கு இவ்வளவு மதிப்பு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். வேனில் ஒன்றும் ஒழுகவில்லையே, ஐஸ் தண்ணீர்தானே, லேப்காரர்கள் தப்பே செய்யாதவர்களா என்று தனக்குத் தானே வக்கீலாக வாதாடி, சனிக்கிழமை முழுவதும் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்வாசலிலிருந்து ஒரு துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இதத் தூக்கிப் போட்டுடட்டுமா? பத்து நாளா வெளில தொங்குது, ரெண்டு தடவ துவைச்சும் போகல."

"எது போகல?"

"எதத் துடைச்சீங்க இதுல?"

"ஐஸ் தண்ணி. வேன்ல உருகி ஓடியிருந்துச்சு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பழுப்பு நிறத் துணி, ஓரம் கிழிந்திருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

"பெட்ரோல்" என்றாள் மனைவி. "பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலச் சாத்திட்டா. காபி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"பால் அடிப்பிடிச்சுக் கருகிப்போச்சு. போன மாசமும் ஒரு நாள் கருகிச்சு, அன்னிக்கும் நல்லாருக்குன்னீங்க. அதுக்கு முந்தின மாசம் நானே வேணும்னு கருகவிட்டேன். இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க."

மூக்கர் கோப்பையைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மறுவாரம். பெட்ரோல் மூடியத் திறந்து மூஞ்ச வெச்சுக்கிட்டு நின்னீங்களே, மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.  உடனே உள்ளே போய்ப் பாத்திரத்தைப் பலமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயமும் இருந்தது. துணியில் பெட்ரோல் என்றால் வேனில் பெட்ரோல். வேனில் பெட்ரோல் என்றால் லேப்காரர்கள் மேல் தப்பில்லை. அப்படியென்றால் அந்தக் கிணற்றைப் பற்றி இதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது, தெரியும் என்று வாளிக்கு மேல் குனிந்து சொன்னவர் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டிய அறைக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு போனார். முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். பொறியாளர் நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என்னண்ணா இது!"

"வேன் தரையத் துடைச்ச துணி மேடம். கேன் கவுந்துடுச்சு. ஐஸ் தண்ணின்னு நெனச்சுத் துடைச்சேன்."

"இந்த நாத்தத்துலயா ஐஸ் தண்ணின்னு நெனச்சீங்க?"

"எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கப்புறம் எதுவுமே தெரியல."

"கிணத்துல இல்லன்னு எழுதினீங்களே?"

"சும்மா எழுதினேன்."

பொறியாளர் பையின் முடிச்சை மறுபடி இறுக்கிப் போட்டார். பிறகு, காதைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாக, "எத்தன மாசமா?" என்றார்.

"பதினொண்ணு."

பொறியாளர் எழுந்து அலமாரியைத் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். பதினான்கு இடம். "எல்லாத்துக்கும் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. புது பாட்டில் வரச் சொல்றேன், கிணத்துல மறுபடி எடுக்கணும். அதெல்லாம் அப்புறம். இப்ப முதல்ல அங்க போங்க. அந்தத் தண்ணியக் குடிக்க வேணாம்னு சொல்லுங்க. போன்ல வேணாம், நேர்ல போங்க."

மூக்கர் போனார். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தார். 'ஒரு சின்னச் சந்தேகம்' என்று ஆரம்பிக்கலாமா, 'முன்னெச்சரிக்கையாக' என்று ஆரம்பிக்கலாமா? சலவைக்கடையில் கொதிக்கிற தண்ணீரின் ஆவி பரவியிருந்தது. அவருக்கு அது ஈரமாக மட்டும் இருந்தது. சலவைக்கடைக்காரம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கண்ணே. லேப்ல என்ன சொன்னாங்க? நல்லாருக்குன்னுதானே?"

தயார் செய்ததெல்லாம் போய்விட்டது. "அம்மா, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. மறுபடி டெஸ்ட் எடுக்கணும். அன்னிக்கு நான் மோந்து சொன்னது பொய். எனக்கு மூக்கு வேலை செய்யாது. ஒரு வருஷமாச்சு."

அவள் மடித்த சட்டையை மறுபடி விரித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப அது சோப்பு இல்லையா?" என்றாள்.

"எது?"

"துணில என்னமோ அடிக்குதுன்னு ரெண்டு வாடிக்கைக்காரங்க சொன்னாங்க. எனக்கும்தான் அடிச்சுது, தண்ணி கொதிக்கயில நல்லாவே அடிச்சுது. நீங்களே மோந்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டீங்க. சரி, சோப்புதான்னு ரெண்டு சோப்பு மாத்திட்டேன். அப்புறம் என் மூக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மூக்கர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

"சின்னவதான் குடிக்கவே மாட்டேன்னு ஒரே அடம். நாத்தம் நாத்தம்னா. பெட்ரோல மோந்தே கண்டுபிடிக்கிறவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, உனக்கென்னடி பெருசாத் தெரியும்னு அதட்டி, நின்னு குடிக்கவெச்சேன். ரெண்டு வாரமா."

மூக்கர் நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று பிற்பாடு மனைவி கேட்டபோது அவருக்கு நினைவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய்ப் பெரிய தண்ணீர் கேன்களாக நான்கு தூக்கிக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருந்தது.

புதன்கிழமை மறுபடி கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் லாரியில் வந்து, தெருவின் அந்தக் கோடியில் நின்றன. ஒயரை அங்கிருந்து இழுத்தார்கள். வேனில் பாட்டில்களும் மாப்பிள்ளையும் மட்டும். பொறியாளர் தானே வந்து பக்கத்தில் நின்றார். போர்வெல்காரர் கேனின் மூடியை மூன்று தடவை திருகிப் பார்த்துவிட்டு லாரியிலேயே உட்கார்ந்துகொண்டார். 

மூக்கர் பாட்டில்களை நிரப்பி மூடி, படிவத்தை எடுத்தார். தேதி எழுதினார், நேரம் எழுதினார், நீர்மட்டம் எழுதினார், நிறம் எழுதினார். அடுத்த கட்டம் வந்ததும் பேனா நின்றது. பொறியாளர் எழுதுவதற்காகக் கை நீட்டினார். அதற்குள் பின்கதவு திறந்து பள்ளிச் சீருடையில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கிணற்றடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

"பாப்பா, அங்க வரைக்குமா அடிக்குது?" என்று கேட்டார் மூக்கர்.

அவள் தலையாட்டினாள். "தினமும் அடிக்குது. நான்தான் சொன்னேன்ல!"

"சொன்னே. நாங்கதான் கேக்கல. உனக்கு என்ன வயசு?"

"ஒம்போது."

மூக்கர் எழுதினார்: 'நாற்றம்: உண்டு. அறிந்து சொன்னவர்: சலவைக்கடையின் இளைய மகள், வயது ஒன்பது.' பொறியாளர் குனிந்து படித்தார். படிவத்தில் அப்படியெல்லாம் எழுத இடமில்லை. ஆனாலும் அவர் எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. மாப்பிள்ளை சுத்தமாகத் திரும்பியிருந்தார். கிணற்று நீரில் பெட்ரோல் இருந்தது, அனுமதித்த அளவைப் போல ஒன்பது மடங்கு. கேனில் இருந்தது போலப் புதிதல்ல, பல வருடம் மண்ணுக்குள் கிடந்த பழைய பெட்ரோல். குழந்தை சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.